தகரக் கூரையும் கைவிடப்பட்ட லாரியும்: டயோராமாவில் துருவை நம்பும்படி தீட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: “1970களின் சிங்கப்பூர் லிம் சூ காங் கம்பத்துப் (கிராமத்துப்) பட்டறை ஒன்றை 1:35 அளவில் டயோராமாவாக, அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் காட்சியாக, செய்துகொண்டிருக்கிறேன். தகரக் கூரை, வாசலில் ஓட்டம் நின்றுபோன பழைய லாரி, பக்கத்தில் சில எண்ணெய்ப் பீப்பாய்கள், பின்னால் ஒரு சிமெண்டுச் சுவர். ஆரஞ்சு, பழுப்பு என்று துருவுக்கான எல்லா நிறங்களையும் பூசிவிட்டேன். மிளகாய்த்தூள் தூவியதுபோல இருக்கிறதே தவிர, துருவாகத் தெரியவில்லை. மேலே மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் படர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?”

உங்கள் பெயின்டில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆரஞ்சும் பழுப்பும் சரியான நிறங்களே. அவை எங்கே விழுந்திருக்கின்றன என்பதில்தான் சிக்கல். துரு உண்டாக இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர வேண்டும். பட்டறையில் இரும்புக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. நீரோ ஓரிடத்தில் நிற்கிறது, ஓரிடத்தில் வழிந்துவிடுகிறது, இன்னோரிடத்தை எட்டுவதே இல்லை. துருவின் வடிவம் முழுவதும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன் உங்கள் பட்டறையைக் காகிதத்தில் வரைந்து, மழை எங்கே விழும், எவ்வழியே இறங்கும், எங்கே தேங்கும், எந்த மூலை கடைசியில் காயும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அம்புக்குறிகள் நிறைந்த அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பெயின்ட் மூடியைத் திறக்க வேண்டும்.

சிங்கப்பூர்க் காட்சியைச் செய்பவருக்கு இது இன்னும் முக்கியம். நமக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பியப் போர்க்களத்து டாங்கிகளையும் பாலைவனத்து வண்டிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே புழுதிக்கு முதலிடம். இங்கே ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கடந்தாலே இரும்பின் அரிப்பு வேகமெடுக்கும் என்பதால், நம் ஊர் இரும்புக்கு ஓய்வு கிடைப்பதே அரிது. லிம் சூ காங் ஜொகூர் நீரிணையை ஒட்டிய பகுதி. உங்கள் பட்டறை கரைக்கு அருகில் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

டயோராமாவை மேலிருந்து பார்ப்பதால் கண் முதலில் கூரையில்தான் விழும். அதற்கே அதிக நேரத்தை ஒதுக்குங்கள்.

கம்பத்துக் கூரைத் தகரம், துத்தநாகம் பூசிய நெளிந்த இரும்புத் தகடு. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தாலும், அருகில் துத்தநாகம் மிச்சமிருக்கும்வரை அரிப்பு அதைத்தான் முதலில் தின்னும். எனவே தகரம் ஒரேயடியாகப் பழுப்பாகிவிடுவதில்லை. முதலில் பளபளப்பு போய் மங்கிய சாம்பல் நிறம் வரும். ஈரம் அடைபட்ட இடங்களில் வெண்பொடி பூக்கும். துத்தநாகம் தீர்ந்த இடங்களில் மட்டுமே துரு தலைகாட்டும்.

அந்த இடங்களில் முதன்மையானது ஆணித்துளை. கூரைத் தகட்டில் நெளிவின் முகட்டில்தான் ஆணி அடிப்பார்கள். பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீர் துளை வழியே உள்ளே சொட்டும். ஆணி துளைத்த இடத்தில் தொடங்கும் துரு முகட்டின் சரிவில் இறங்கிப் பள்ளத்தை அடைந்து, பிறகு பள்ளத்தோடு கீழ்நோக்கி நீளும். ஆணிகள் அடியிலுள்ள மரச்சட்டத்தின்மேல் வரிசையாக இருப்பதால், கூரையின் குறுக்கே துருப்புள்ளிகளும் நேர்கோட்டில் நிற்கும். இந்த வரிசை சரியாக அமைந்துவிட்டால், கூரைக்கு அடியில் சட்டம் இருக்கிறது என்று பார்ப்பவர் தாமாகவே நம்பிவிடுவார். அடுத்தது, ஒரு தகட்டின்மேல் இன்னொன்று ஏறும் விளிம்பு. அந்த இடுக்கில் புகுந்த நீர் வெயில் வந்தாலும் சீக்கிரம் காய்வதில்லை. அதனால் மேல்தகட்டின் கீழ்விளிம்பை ஒட்டித் துரு பட்டையாக ஏறும், தகட்டின் நடுப்பகுதியோ சாம்பலாகவே இருக்கும். தாழ்வாரத்துப் பக்கம் வெட்டுமுனை. அங்கே இரும்பு வெளியே தெரியும், மழை நின்ற பின்பும் கடைசித் துளி தொங்குவது அங்கேதான். பழைய கூரைகளில் அந்த விளிம்பு அரித்துக் கோணல்மாணலாகத் தேய்ந்திருக்கும். மேலே ரம்புத்தான் மரமோ தென்னையோ இருந்தால், உதிர்ந்த இலைகள் பள்ளங்களில் மக்கி ஈரத்தைப் பிடித்துவைத்து, தமக்கடியில் கரும்பழுப்புத் திட்டுகளை உண்டாக்கும்.

தகட்டைச் செய்வதற்கு உணவு வாங்கும் அலுமினியத் தட்டின் அடிப்பகுதி போதும். நெளிவுள்ள அச்சின்மேல் வைத்து மழுங்கிய குச்சியால் அழுத்தி எடுக்கலாம். நெளிவின் இடைவெளியை மட்டும் கவனியுங்கள். பழைய கூரைத் தகடுகளில் முகட்டுக்கு முகடு சுமார் 76 மில்லிமீட்டர் இருக்கும், 1:35 அளவில் அது 2.2 மில்லிமீட்டர் ஆகும். எட்டடித் தகடு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். முழுக் கூரையையும் ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். தகடு தகடாக வெட்டி, ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாகத் தீட்டுங்கள். கம்பத்துக் கூரை ஒரே நாளில் போட்டதாக இருக்காது. ஒழுகிய இடத்தில் புதிதாக ஒன்று, வேறெங்கோ கழற்றி வந்த பழையது ஒன்று என்று காலத்துக்குக் காலம் சேர்ந்தது. பெரும்பாலான தகடுகள் நடுத்தர வயதில் இருக்கட்டும். கிட்டத்தட்ட முழுவதும் துருவேறியவை சில, சாம்பல் மங்காத புதுத் தகடு ஒன்றோ இரண்டோ. அந்தப் புதுத் தகடு இல்லாவிட்டால் மற்றவற்றின் பழமை எடுபடாது. உங்கள் கூரை சரியாக வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்: எல்லாமே ஒரே அளவு துருவேறியிருந்தால் எதுவுமே துருவேறியதாகத் தெரியாது.

அலுமினியத்தில் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் மங்கிய இளஞ்சாம்பலை ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் கருவியால்) மெல்லியதாகப் பூசுங்கள். வெள்ளி நிறம் வேண்டாம், இந்த அளவில் அது பொம்மைத்தனத்தைக் கொடுத்துவிடும். காய்ந்தபின், கிழித்த சிறு ஸ்பாஞ்சுத் துண்டால் கரும்பழுப்பை ஆணி வரிசையிலும் விளிம்புகளிலும் ஒற்றுங்கள். ஸ்பாஞ்சை முதலில் காகிதத்தில் ஒற்றி, பெயின்ட் ஏறக்குறையத் தீர்ந்த பிறகே தகட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கரும்பழுப்புத் திட்டுக்குள்ளும் ஓரத்திலும் செம்பழுப்பு. கடைசியாக, சில புள்ளிகளில் மட்டும் ஆரஞ்சு.

இந்த வரிசையை மாற்றாதீர்கள், இதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. புதிதாகக் கிளம்பும் துரு பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்கும். நாள்பட நாள்பட அது இறுகிக் கறுத்து, செம்பழுப்பாகவும் கரும்பழுப்பாகவும் மாறும். ஆக, ஒரு திட்டின் நடுப்பகுதி பழையது, அரிப்பு பரவிக்கொண்டிருக்கும் ஓரம் புதியது. கைவிடப்பட்ட பொருளில் கரும்பழுப்பு நிறைய, ஆரஞ்சு கொஞ்சம். நீங்கள் ஆரஞ்சை நிறையப் பூசியதால்தான் தூவிய பொடிபோலத் தெரிகிறது. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்ட் வைத்திருப்பவருக்குக் கணக்கு எளிது. எக்ஸ்.எஃப். 10 மேட் பழுப்பில் துளி கறுப்பு கலந்தால் முதல் நிறம். எக்ஸ்.எஃப். 64 செம்பழுப்பு அப்படியே இரண்டாவது. அதே செம்பழுப்பில் எக்ஸ்.எஃப். 3 மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஆரஞ்சு கிடைத்துவிடும். துரு என்று சீட்டு ஒட்டிய தனிக் குப்பி எதுவும் தேவையில்லை.

இனி லாரி. இங்கே துரு வேறு விதமாக வேலை செய்கிறது, ஏனென்றால் இரும்புக்கு மேலே பெயின்ட் இருக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பெயின்டுக்கு அடியில் அது வளரும்போது பெயின்டைத் தூக்கிக் கொப்புளமாக்கி, பிறகு ஓடு ஓடாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. இதைத் தூரிகையால் மேலே வரைந்து காட்டுவது கடினம். நிஜத்தில் நடந்த வரிசைப்படியே அடுக்கி, மேல்பூச்சை உண்மையாகவே பெயர்ப்பதுதான் சிறந்த வழி. ஹேர்ஸ்பிரே முறை என்று மாடல் செய்பவர்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் லாரியின் உடல் முழுவதையும் துருவாகத் தீட்டிவிடுங்கள். கரும்பழுப்பின்மேல் செம்பழுப்பைத் திட்டுத் திட்டாகப் பூசி, அங்கங்கே ஆரஞ்சு வையுங்கள். துரு ஆழமாகத் தின்ற இடங்களில் வழுவழுப்பு கூடாது. மாடல்களுக்கான புட்டியைத் தின்னரில் கரைத்து, தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் சொரசொரப்பு வந்துவிடும். இதைப் பெயின்டுக்கு முன்பே செய்ய வேண்டும். துரு நிறம் நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ் பூசிக் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தண்ணீர் தொடும்போது அதுவும் கலைந்துவிடும். அதன்மேல் சாதாரணக் கடையில் கிடைக்கும் ஹேர்ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு பூச்சு. அது காய்ந்ததும் லாரியின் உண்மையான நிறத்தை, நீலமோ பச்சையோ, அக்ரிலிக்கில் மெல்லியதாக அடியுங்கள். தண்ணீர் கலந்தே அடியுங்கள், லாக்கர் தின்னர் கலந்தால் பூச்சு இறுகிப் பெயர மறுக்கும். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், பெயர்க்க வேண்டிய இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்துச் சற்றுப் பொறுங்கள். பிறகு முடி வெட்டிக் குறுக்கிய விறைப்பான தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். ஹேர்ஸ்பிரே கரைந்து மேல்பூச்சு செதில் செதிலாகக் கழன்று, அடியிலிருந்து துரு எட்டிப்பார்க்கும். தூரிகையால் வரைந்த எந்தப் புள்ளியும் இந்த ஒழுங்கின்மைக்கு ஈடாகாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கணம் இதுதான்.

எங்கே பெயர்ப்பது? மறுபடியும் தண்ணீரைக் கேளுங்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் கதவின் அடிமடிப்பில் தங்கும், எனவே கதவு கீழிருந்து அழுகும். முன்கண்ணாடியின் ரப்பர் ஓரம், கூரையின் மழைநீர்க் கால்வாய், சேறு அப்பும் மட்கார்டின் உட்புறம், காலால் மிதித்துப் பெயின்ட் தேய்ந்த படி, இவையே துரு தொடங்கும் இடங்கள். கதவின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பித்துவிடும், கடையின் பெயர் எழுதியிருந்தால் அதுவும் தப்பித்திருக்கும். அதைத் தொடாதீர்கள். புகைபோக்கி மட்டும் விதிவிலக்கு. வெப்பத்தில் பெயின்ட் கருகிப்போவதால் ஓடும் வண்டியிலேயே அது முழுவதும் துருவாக இருக்கும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறது. லாரியின் கூரையும் பானெட்டும் பக்கங்களைவிட அதிகம் வெளுத்துப் பொடிந்திருக்க வேண்டும். மேல்பூச்சில் வெளிறிய நிறத்தைக் கலந்து அந்தப் பரப்புகளில் மட்டும் மெல்லிய மூடுபனிபோல் அல்லாமல் திட்டுத் திட்டாக அடியுங்கள், சீரான வெளுப்பு செயற்கையாகத் தெரியும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் வடக்குச் சுவரில் பாசி தீட்டச் சொல்லும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. மரநிழலும் ஈரமும் இருக்கும் பக்கம்தான் பாசிப் பக்கம்.

ஒரு சிறு கணக்கை எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 1:35 அளவில் நீங்கள் வைக்கும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி நிஜத்தில் 17.5 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 1:72 அளவில் அதே புள்ளி 36 மில்லிமீட்டர். 1:350 அளவுக் கப்பலில் 17.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டில் முக்கால் பங்கு. அளவு சிறியதாகச் சிறியதாகப் பெயர்ந்த புள்ளிகளைக் குறைத்து, நிற மாற்றத்தாலேயே துருவை உணர்த்த வேண்டும். நிறமும் சற்று வெளிறியே இருக்கட்டும், குட்டிப் பொருளில் அடர்நிறம் கண்ணைக் குத்தும்.

பீப்பாய்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 200 லிட்டர்ப் பீப்பாய் இந்த அளவில் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வரும். நின்றிருந்தால் மேல்மூடியின் விளிம்புக்குள் நீர் தேங்கும், மூடி முழுவதும் துரு. அடிவிளிம்பு மண்ணைத் தொடுவதால் அங்கேயும் துரு. நடுவே உள்ள இரண்டு வளையங்கள் உருட்டியதில் தேய்ந்திருக்கும். கிடக்கும் பீப்பாயை நிற்கும் பீப்பாயைப் போலத் தீட்டிவிடாமல் இருந்தால் போதும்.

துரு வடிந்த தடங்களுக்கு எண்ணெய் வண்ணத்தை மிஞ்சியது எதுவுமில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் சிறு குழாய்களில் கிடைக்கும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) மூன்றும் போதும், பல ஆண்டுகளுக்கு வரும். வண்ணத்தை முதலில் ஓர் அட்டைத் துண்டில் பிதுக்கி வைத்து, அதிலுள்ள எண்ணெயை அட்டை உறிஞ்ச விடுங்கள். இல்லாவிட்டால் காய நாளாகும், பளபளக்கவும் செய்யும். ஆணிக்கோ போல்ட்டுக்கோ கீழே ஊசிமுனையளவு வண்ணம் வையுங்கள். தட்டைத் தூரிகையை, எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, நீர் வழியும் திசையில் கீழ்நோக்கி இழுங்கள். தொடக்கத்தில் அடர்த்தி, போகப்போக மறைவு. அதிகமாகிவிட்டால் அதே தூரிகையால் துடைத்தெடுக்கலாம், அவசரமே இல்லை. அடியில் உள்ள பெயின்ட் அக்ரிலிக்காகவோ லாக்கராகவோ இருந்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எனாமல் பூச்சின்மேல் ஒயிட் ஸ்பிரிட் பட்டால் அதையும் கரைத்துவிடும்.

எல்லாத் தடங்களும் ஒரே நீளத்தில் இருந்தால் வேலி போட்டதாகிவிடும். சிங்கப்பூரில் இதைக் கற்க நல்ல இடம் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் பின்புறம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகும் இரும்புக் குழாய்கள் இருக்கும். பெயின்ட் பூசி நாளான புளோக்குகளில் ஒவ்வொரு குழாயின் கீழேயும் சுவரில் துரு வடிந்திருக்கும். வரிசையாக உள்ள அத்தனை குழாய்களும் ஒரே சமயத்தில் பொருத்தப்பட்டவைதாம், ஆனால் ஒன்றின் கீழே ஒரு முழம், அடுத்ததன் கீழே வெறும் மங்கல். வீட்டு இரும்புக் கேட்டையும் பாருங்கள். தரை கழுவும் நீர் படுவதால் கீழ்ச்சட்டம் முதலில் போகும், மேல்பகுதி புதிதாகவே இருக்கும்.

உங்கள் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுச் சுவரில் எச்சரிக்கையாக இருங்கள். நம் ஊர்ச் சுவர்களில் காணும் ஆரஞ்சுக் கறை அனைத்தும் இரும்பினால் வந்ததன்று. டிரென்டிபோலியா என்னும் பாசியினம் ஆரஞ்சும் செம்மையுமாகச் சுவர்களில் படர்கிறது, சிங்கப்பூர்க் கட்டடங்களில் அது நெடுங்காலமாகவே அறியப்பட்டது. வேறுபாட்டைக் காண்பது எளிது. துருத்தடத்துக்கு மேலே கண்டிப்பாக ஓர் இரும்பு இருக்கும், தடம் அங்கிருந்து ஒடுங்கித் தொடங்கும். பாசிக்கு அப்படி மூலம் கிடையாது, ஈரம் படும் பரப்பு முழுவதும் அகலமாக, வெல்வெட்டைத் தடவியதொரு மென்மையோடு படரும். ஆகவே சுவரில் துரு வைக்கும்போது அதற்குமேல் ஓர் ஆணியையோ குழாய்ப்பட்டியையோ தவறாமல் வையுங்கள். மூலமில்லாத துரு பார்ப்பவரை உறுத்தும், ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாவிட்டாலும். சுவரின் அடியில் மழைத்துளி தெறித்த செம்மண் கறையும் வேண்டும். ஓரடி உயரம் போதுமானது, உங்கள் அளவில் 9 மில்லிமீட்டர். செம்மண்ணுக்கு மஞ்சள் கலந்த வெளிறிய சிவப்பைத் தேர்ந்துகொண்டால் அது துருவோடு குழம்பாது.

வார்னிஷ் வெளுப்பதற்கு வருகிறேன். ஸ்பிரேயிலிருந்து கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் நம் காற்றின் ஈரம் நீராகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெள்ளை மூட்டம் அதுதான். மழை பெய்யும்போதும், மழை விட்ட உடனேயும், இரவிலும் வார்னிஷ் அடிக்காதீர்கள். மழையில்லாத நாளின் பிற்பகல் இரண்டு, மூன்று மணி நல்ல நேரம். குளிரூட்டியோ ஈரநீக்கியோ ஓடிக்கொண்டிருந்த அறை இன்னும் நல்லது, ஆனால் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து, ஆவியை வெளியேற்றும் விசிறி வைத்து, சுவாசக்கவசம் அணிய வேண்டும். பொது நடைபாதையில் நின்று அடிப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு. வார்னிஷ் குப்பியை நன்றாகக் குலுக்காவிட்டாலும், ஒரே தடவையில் கனமாக அடித்தாலும் மேட் தூள் திரண்டு இதே வெண்மை வரும் என்பதையும் கவனியுங்கள். லாக்கர் வார்னிஷ் ஏற்கெனவே வெளுத்திருந்தால், காய்ந்த பிற்பகலில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து அதே வார்னிஷை மிக மெல்லியதாக மறுபடி அடித்துப் பாருங்கள். சிக்கிய ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஏர்பிரஷ் கம்ப்ரஸரில் நீர் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீராவி துளியாகி, சரியாக நீங்கள் கதவில் மெல்லிய பூச்சு அடிக்கும் நேரம் பார்த்துத் தெறிக்கும்.

நிறத்தூளை எல்லாவற்றுக்கும் பிறகு போடுங்கள். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் தூள் கறுத்து மறைந்துவிடும். ஒயிட் ஸ்பிரிட்டைத் துளித் துளியாக ஓரத்தில் விட்டு ஊற விட்டால் தானே பிடித்துக்கொள்ளும். இரும்புக் கம்பளியை உப்புநீரில் நனைத்து வெளியே வைத்து உண்மையான துருவையே தூளாக்கிக்கொள்ளவும் முடியும். நம் காற்றில் சில நாள்களிலேயே தயாராகிவிடும். உப்புப் போக நன்றாக அலசிக் காயவைத்து, உரலில் அரைத்து, நைலான் காலுறையில் சலித்துப் பயன்படுத்துங்கள். உப்பு மிஞ்சியிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நிறத்தைப் பொறுத்தவரை அருமையான தூள். ஆனால் நன்றாகச் சலிக்காவிட்டால் இந்த அளவில் அதன் ஒரு பருக்கை பாறாங்கல்லாகத் தெரியும், ஆகவே தரையிலும் பீப்பாயின் அடியிலும் மட்டும் போடுவேன்.

துருவே பிடிக்காதவற்றையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள். அலுமினியப் பாத்திரம், பித்தளைக் குழாய், மரச்சட்டம், ரப்பர் டயர் ஆகியவற்றின்மேல் துரு வடிந்து விழலாம், அவற்றிலிருந்து கிளம்ப முடியாது. பட்டறையில் அன்றாடம் கைபடும் சுத்தியலும் ஸ்பேனரும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்து, பிடியும் முனையும் மின்ன வேண்டும். தண்டவாளத்திலும் இப்படித்தான், ரயில் ஓடும்வரை அதன் தலை மின்னும், பக்கங்கள் பழுப்பேறும், ஓட்டம் நின்றபின் தலையும் பழுப்பாகும். வாசலில் நிற்கும் லாரியின் துருவும் உள்ளே தொங்கும் கருவிகளின் மினுக்கும் ஒன்றாகத் தெரிந்தால், பட்டறையில் இன்னும் ஆள் இருக்கிறார் என்று சொல்லாமலே விளங்கும்.

நேரில் பார்ப்பதற்கு முதலில் புலாவ் உபினுக்குப் போங்கள். சாங்கி முனையிலிருந்து படகில் ஏறினால் சிறிது நேரம்தான். தகரக் கூரை வீடுகள், படகுத்துறைச் சங்கிலிகள், கைவிட்ட மிதிவண்டிகள் என்று உப்புக்காற்றின் வேலை எல்லாம் அங்கே கிடைக்கும். லோரோங் புவாங்கோக் கம்பத்தில் கடலிலிருந்து தள்ளிய கூரைகளைக் காணலாம். அங்கே மக்கள் வாழ்கிறார்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது, நீர் எங்கே இன்னும் நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது கையில் இருக்கும் ஆரஞ்சு லாரியை எறிய வேண்டாம், பெயின்டைச் சுரண்டவும் வேண்டாம். வெளுத்த வார்னிஷை மேலே சொன்னபடி தெளியவையுங்கள். பர்ன்ட் அம்பரை ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து உடல் முழுவதும் ஒருமுறை பூசி, ஆரஞ்சை மூன்றில் இரண்டு பங்கு இருட்டாக்குங்கள். சில நாள் காயவிட்டு வார்னிஷ் பூசினால், ஹேர்ஸ்பிரேக்கு வேண்டிய அடித்துரு தயார். அதன்மேல் லாரியின் நீலத்தை அடித்து, கதவின் அடிமடிப்பிலிருந்து பெயர்க்கத் தொடங்குங்கள். கூரைக்கு மட்டும் புதுத் தகடுகள் செய்துவிடுங்கள், அது ஓர் அலுமினியத் தட்டின் செலவு.